வயர்க்கட்சி விஜயபாண்டி

வயர்க்கட்சி என்று ஓர் இனம் உண்டு, பார்த்திருக்கிறீர்களா? கொடி கிடையாது, சின்னம் கிடையாது. ஆனால் வெறியில் எந்தக் கட்சித் தொண்டனும் கிட்டே நிற்க முடியாது. ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினால் அடையாளம் கண்டுகொள்ளலாம். எல்லோரும் டிக்கெட்டுக்குக் கை நீட்டும்போது ஒருத்தர் மட்டும் ஜிப் வைத்த சின்னப் பையைத் திறந்து, எட்டுப்போல் சுற்றிய இயர்போன் வயரை வெளியே எடுத்து, சிக்கு விழாமல் பிரித்து, போனில் அதைச் செருக ஓட்டையே இல்லாததால் விரல் நீளத்துக்கு இன்னொரு வயரைச் சேர்த்து, இடது எது வலது எது என்று வெளிச்சத்தில் பார்த்து, காதில் மாட்டிப் பாட்டைப் போடுவார். அதற்குள் பாதி வழி வந்திருக்கும்.

பாட்டையாவது முழுசாகக் கேட்பாரா? அதுதான் இல்லை. இருபது விநாடி கேட்பார், நிறுத்துவார், பின்னால் தள்ளுவார். "அந்த இடத்துல பின்னால ஒரு மணிச் சத்தம் வரும் பாருங்க. ப்ளூடூத்துல வரவே வராது." பாடுகிறவள் உருகி உயிரை விட்டாலும் அவருக்குக் கவலையில்லை. மணி வந்ததா, போதும்.

ப்ளூடூத்காரர்கள் மட்டும் ரொம்ப ஒழுங்கா என்று கேட்காதீர்கள். பஸ் ஸ்டாண்டில் தனியாகச் சிரிப்பதும், சாக்கடை ஓடைக்குள் விழுந்த ஒற்றைக் காது இயர்போனைக் குச்சி விட்டுத் தேடுவதும் அவர்கள்தான். ஆனால் அவர்கள் யாருக்கும் உபதேசம் பண்ணுவதில்லை. சார்ஜ் தீர்ந்தால் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

என் அக்கா மகன் விஜயபாண்டி வயர்க்கட்சியில் மாவட்டச் செயலாளர் அளவுக்கு உள்ளவன். வயது முப்பத்துநான்கு. நூல் மில்லில் சூப்பர்வைசர். எட்டு மணி நேரம் மெஷின் இரைச்சலில் நிற்கிற காது அது. அந்தக் காதுக்குத்தான் மணிச் சத்தம் துல்லியமாகக் கேட்கிறதாம்! மூன்று வருஷமாக என் அக்கா இருளம்மாள் அவன் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஏறாத படி இல்லை. ஒன்றும் தகையவில்லை. கடைசியில் ஒரு வரனை நான் கொண்டு வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளை, பேர் கார்த்திகா, லேபில் வேலை. இதுவும் போனால் இனி எங்கே போய்க் கேட்பது என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் பிள்ளைக்குப் பேச்சாகிவிடும் இல்லையா? அதனால் எங்கள் பக்கம் முதல் பார்வை கோவிலில். மடவார் வளாகத்துக் கோவிலுக்கு இரண்டு வீட்டாரும் தற்செயலாக வந்த மாதிரி வருவது. பெரியவர்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, பிள்ளைகள் பிரகாரத்தில் பத்து நிமிஷம் பேசிக்கொள்ளலாம். தூணுக்கு இந்தப் பக்கம் நான். தாய்மாமன் அல்லவா, கவலை இருக்காதா?

நம்ம பையன் அவள் பேரைக்கூடக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை கையிலிருந்த ப்ளூடூத் டப்பாவைப் பார்த்துவிட்டான்.

"இதுலயா பாட்டுக் கேப்பீங்க? காத்துல வார பாட்டு வழியிலேயே தேஞ்சு போயிரும்ங்க. வயர்தான் உண்மை."

ஐந்து நிமிஷம் போயிற்று. கார்த்திகா பொறுமையாகக் கேட்டாள். பிறகு லேசாகச் சிரித்தாள். "சரிங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு ஒண்ணு இருக்கு. உங்க வயர்லயே கேப்போம். ஆளுக்கு ஒரு காதுல வச்சுக்கிடுவமா?"

கேட்டீர்களா? நான் தூணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எத்தனை ப்ளூடூத் வந்தாலும் ஆகாத காரியம் இது. ஒரு முழ வயர் இரண்டு தலைகளைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடும். இவன் கட்சி ஜெயிக்கிற ஒரே இடம் இதுதான், அதையும் அந்தப் பிள்ளையே கையில் கொடுக்கிறது!

"ஐயையோ, கூடாதுங்க! ஸ்டீரியோ கெட்டுப்போகும். லெஃப்ட்ல வயலின், ரைட்ல தபேலா. ரெண்டையும் நீங்களே மாட்டுங்க. நானே ஒரு பாட்டுப் போடுதேன், இருபதாவது செகண்ட்ல மணி வரும்."

மாட்டினாள். கேட்டாள். கழற்றிக் கொடுத்தாள்.

"மணி வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

மறுநாள் பெண் வீட்டார் ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் சம்சாரம் செல்வலட்சுமி விடுவாளா? நேரே அந்தப் பிள்ளையிடமே போய்க் கேட்டுவிட்டாள். "நல்லவியதான்க்கா. ஆனா ஆயுசுக்கும் மணி வந்துச்சு, மணி வந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே இருக்க என்னால ஏலாது" என்றதாம்.

அக்கா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. நேரே போய், "ஏலே கூறுகெட்ட பயலே, தங்கமான பிள்ளையை விட்டுட்டியேலே!" என்று கத்தினேன். அவன் ஒரு காதை மட்டும் கழற்றினான்.

"விடுங்க மாமா. அது ப்ளூடூத் பார்ட்டி. நமக்குச் சரிப்பட்டு வராது."

திரும்பவும் மாட்டிக்கொண்டான்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. இம்புட்டு நேரம் வாசித்தீர்களே, வயரா ப்ளூடூத்தா என்று மனசுக்குள் ஒரு தீர்ப்பும் எழுதி முடித்திருப்பீர்கள். கார்த்திகாவுக்கு ரொம்பப் பிடித்த அந்தப் பாட்டு எது என்று, உங்களுக்காவது கேட்கத் தோன்றியதா?