எடைக் குறைப்புத் திட்டம்

நெருப்பு, சக்கரம் இவற்றுக்கு அடுத்தபடியாக மனித குலம் கண்டுபிடித்த மகத்தான விஷயம், காரின் பின் சீட்டைக் கழற்றிவிடலாம் என்பதுதான். எங்கள் வீட்டில் இதைக் கண்டுபிடித்தவர் என் மாப்பிள்ளை. அதுவரை அந்தச் சீட்டில் உட்கார்ந்துகொண்டிருந்தவள் நான். வரலாற்றுக்கு எழுந்து இடம் கொடுக்கும் பாக்கியம் எத்தனை மாமியார்களுக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்.

கார் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பின்பக்கம் வெட்டிவிட்டாற்போல் முடியும் குட்டி வண்டி. என் மகள் வேலைக்குப் போய்வர வாங்கியது, பதிவும் அவள் பெயரில்தான். அவள் வேலை பார்க்கும் மருந்துக் கிடங்குக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஆனால் மாப்பிள்ளை வார இறுதிப் பந்தயச் சங்கத்தில் உறுப்பினரான நாளிலிருந்து அது கார் இல்லை, 'திட்டம்'. திட்டத்தில் போய் யாராவது வேலைக்குப் போவார்களா?

சனிக்கிழமைதோறும் கார் ஷெட்டில் 'தொழில்நுட்பக் குழு' கூடும். குழு என்றால் மாப்பிள்ளையும் அவருடைய சிநேகிதரும். கக்கத்தில் எடை மெஷினோடு திரிவதால் சிநேகிதருக்கு 'கிலோ' என்று பெயர். நடுவில் ஒரு முழு கேக் இருக்கும். மூளை வேலை அல்லவா?

“எடைதான்டா நம்ம எதிரி,” என்று கிலோ கூட்டத்தைத் தொடங்கி வைப்பார். “ஸ்டெப்னி?”

“கழட்டு. பஞ்சர் ஆகும்னு நினைக்கறதே கெட்ட எண்ணம்.”

“ஏசி?”

“கழட்டு. வேர்த்தா உடம்பும் இளைக்கும்.”

“ஹாரன்?”

“முன்னாடி யாராவது போனாத்தானே ஹாரன்!”

இப்படியே கதவின் உள்பக்க அட்டை, தரைவிரிப்பு எல்லாம் போயின. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினார்கள். அது தெருமுனை வேகத்தடையில் வயிற்றைத் தேய்க்கும் சத்தம் கேட்டால் நான் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவேன். சைலன்சரையும் பெரிதாக மாற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பேசியிருந்தாலும் காதில் விழுந்திருக்காது.

கடைசியில் ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட்டும் வெளியே வந்தது. அது என் மகளுடையது.

“அப்ப நான் எங்கங்க உக்கார்றது?”

“தப்பா நினைக்காதே. எடைங்கிற கோணத்துல பாரு,” என்றார் மாப்பிள்ளை, மிகுந்த கனிவோடு.

அவள் அந்தக் கோணத்தில் பார்த்தபடியே பஸ்ஸில் போனாள். பஸ் அவளை எந்தக் கோணத்திலும் பார்க்கவில்லை. போய்ச் சேரத் தாமதம், மறுபடி தாமதம். இன்னொரு தடவை தாமதமானால் வேலைக்கு வர வேண்டாம் என்று கிடங்கு மேலாளர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

இதற்கிடையில், வண்டி உருண்டாலும் ஓட்டுநர் நசுங்காமலிருக்க உள்ளே ஓர் இரும்புக் கூண்டை வெல்டிங் செய்தார்கள்.

“கழட்டின எடையெல்லாம் திரும்ப வந்துடுச்சே, மாப்பிள்ளை?” என்றேன்.

“அது பாதுகாப்பு எடை, அத்தை. அது வேற கணக்கு.”

படிக்காதவள் கேட்டால் இப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை கிலோ, ஓட்டுநரையே எடை மெஷினில் ஏற்றினார். முள் எதிர்முனைக்கே ஓடியது. பிறகு, 'பந்தயத்துக்குள் ஓட்டுநர் இளைத்துவிடுவார்' என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டு, அந்த மகிழ்ச்சியில் இன்னொரு துண்டு கேக் வெட்டினார்கள். ஓட்டுநர் உட்காரும் பந்தய சீட்டையும் அவருடைய வருங்கால இடுப்புக்கு அளவு சொல்லித் தருவித்தார்கள். தொலைநோக்கு என்றால் இது!

சீட்டு வந்து சேர்ந்ததே பந்தயத்துக்கு முந்தின நாள் மாலையில். உட்கார்ந்து பார்க்க நேரமில்லை. அன்று பிரேக் எண்ணெய் மாற்ற வேண்டியிருந்தது.

மறுநாள் பழைய தொழிற்சாலை மைதானத்தில் கூம்புகளை நட்டு, அவற்றைச் சுற்றி ஒவ்வொரு வண்டியாக ஓட்டும் போட்டி. டயர் தேயக்கூடாதென்று எங்கள் வண்டியைத் தள்ளி ஏற்றி மினி லாரியில் கொண்டுபோனார்கள். குடும்பம் வந்து ஊக்கப்படுத்த வேண்டும் என்பது மாப்பிள்ளையின் உத்தரவு. நானும் மகளும் பஸ்ஸில் போனோம். அவளுக்கு மதியம் வேலை, சீருடையிலேயே வந்திருந்தாள்.

“என் ரவுண்டு முடிஞ்சதும் நானே கொண்டுபோய் விடறேன்,” என்றார் மாப்பிள்ளை.

“எதுலங்க? உங்க மடியிலயா?”

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை கூண்டுக்குள் ஒரு காலை விட்டார். தலையை விட்டார். இடுப்பு வந்தது, சீட்டின் இரு விளிம்புக்கும் நடுவில் நின்றது. கிலோ பின்னாலிருந்து தள்ளினார்.

“மூச்சை இழுடா!”

“இழுத்தாச்சுடா! இதான் இழுத்தது!”

உள்ளே போகாதது மட்டுமல்ல, வெளியேயும் வரவில்லை. சங்கச் செயலாளர் வெளியே இருந்த காலையும் கிலோ இடுப்பையும் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள்.

“ஓட்டுநர் இல்லாத வண்டி விதிப்படி செல்லாது. ஓரங்கட்டுங்க,” என்றார் செயலாளர். “வண்டி யார் பேர்லயோ அவங்க வேணா ஓட்டலாம்.”

கிலோ என் மகளிடம் ஓடிவந்தார். “அண்ணி, சங்கத்துல மானம் போயிடும் அண்ணி!”

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். பஸ் வரும் அறிகுறியே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“சாவியக் குடுங்க,” என்றாள்.

மாப்பிள்ளைக்கு முன்பே லைசென்ஸ் வாங்கியவள் அவள். சீட்டு அவளுக்கென்றே தைத்தாற்போல் இருந்தது. கொடி அசைந்தது. ஒரு கூம்பையும் தட்டாமல் வளைந்து வளைந்து போனாள். மாப்பிள்ளை கைதட்டினார். “என் ஸ்பிரிங்! என் பிரேக்!” என்று சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் விளக்கினார்.

முடிவுக் கோடு வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டம் போட்டிருந்தார்கள், அதில் நிற்க வேண்டும். அவள் நிற்கவில்லை. ஹாரன் இல்லாததால் ஜன்னலில் தலையை நீட்டி, “வழி விடுங்க, வழி விடுங்க!” என்று கத்திக்கொண்டே மைதானத்தின் வாசலைத் தாண்டி, கிடங்கு இருக்கும் திசையில் திரும்பினாள்.

“கட்டத்துல நிக்காததால நேரம் செல்லாது,” என்று செயலாளர் வருத்தத்தோடு அறிவித்தார்.

மதியம் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக மகளிடமிருந்து போன் வந்தது. தாமதமில்லையாம்.

ஒருவழியாக பஸ்ஸும் வந்தது. பின் சீட்டுதான் காலி. நானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தோம். கையுறையைக்கூட அவர் கழற்றவில்லை.

“ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாளே, அத்தை. நம்மள இங்க விட்டுட்டுப் போறோமேன்னு அவளுக்குத் தோணலையே!”

பாவமாகத்தான் இருந்தது. கையைத் தட்டிக்கொடுத்தேன்.

“தப்பா நினைக்காதீங்க, மாப்பிள்ளை. எடைங்கிற கோணத்துல பாருங்க.”