மூன்றாவது வாய்ப்பில் வராந்தாவுக்குப் போனவன்

ஆஷ்பரி, விஸ்கான்சின்
நவம்பர் கடைசிச் செவ்வாய்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை திரு. டெல்மர் க்ரூசிக் அவர்களுக்கு, மைத்துனன் ஆர்வில் ஜாஸ்ட்ரோ எழுதுவது.

இங்கே நானும், என் இடது முழங்காலும், நிலவறைக் கொதிகலனும் ஒருவாறு இருக்கிறோம். மூவரில் கொதிகலன்தான் கொஞ்சம் தேவலை. அங்கே அரிசோனாவில் தாங்களும், தங்கள் இரத்த அழுத்தமும், போன கடிதத்தில் படம் வைத்து அனுப்பிய அந்தக் கள்ளிச்செடியும் சுகம் என்று நம்புகிறேன். ‘தாங்கள்’ என்று எழுதுவது மரியாதையால் அல்ல, கோபத்தால். காகித ஆலையில் முப்பத்தொரு வருஷம் ஒரே இயந்திரத்தின் இரு முனைகளில் நின்றவர்கள் நாம். இதற்கு மேல் ‘தாங்கள்’ எனக்கு வராது. இனி நீதான்.

மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறேன். உனக்கு முறைப்படி தெரிவிக்க வேண்டியது என் கடமை. முதலாவது, இன்று முதல் நான் மரம்வெட்டிகள் ஃபுட்பால் அணியின் ரசிகன் அல்ல. இரண்டாவது, ‘ஆலங்கட்டி’ தொலைக்காட்சித் தொடரை இனி என் வீட்டில் யாரும் பார்க்க மாட்டார்கள், யாரும் என்றால் நான். மூன்றாவது, நீ வீட்டை விற்றுவிட்டுப் போனபோது என் முன்னறையில் விட்டுப்போன அந்தச் சாய்வு நாற்காலியை தேவாலய விற்பனைக்குக் கொடுக்கப் போகிறேன். சனிக்கிழமை காலை வண்டி வருகிறது. ஆட்சேபணை இருந்தால் அதற்குள் சொல்லவும்.

காரணம் கேட்பாய். கேட்க மாட்டாய், ஞாயிற்றுக்கிழமைகளில் உன் தொலைபேசி ஏழு தடவை அடித்து நின்றுவிடுகிறது. ஒரே ஒரு தடவை எடுத்தாய். “இங்க யாரும் ஆட்டம் பாக்கறதில்ல மச்சான், வெயில் அப்படி” என்று சொல்லி வைத்துவிட்டாய். வெயிலுக்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மூன்று நாள் யோசித்தேன். ஆகவே கேட்காமலே சொல்கிறேன்.

நம் ஹாலிஸ் பிராண்ட்வோல்டை மைதானத்து ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். பதினோரு வருஷம் நமக்குக் குவார்ட்டர்பேக்காக நின்று பந்தை எறிந்த மனிதன். இரண்டு தோள்பட்டையிலும் கத்தி வைத்தாயிற்று, மூக்கு மூன்று திசையில் உடைந்தாயிற்று, ஒரு தடவை உடைந்த விலாவோடு ஆடிவிட்டு மறுநாள் நம் வெள்ளிக்கிழமை மீன் விருந்து நடக்கும் கடையில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் தின்றுகொண்டிருந்ததை என் தங்கை, உன் மனைவி லொரைனே கண்ணால் பார்த்தாள். அவனுக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டதாம். எதிர்காலத்தைப் பார்க்க வேண்டுமாம். பயிற்சியாளர் தொலைக்காட்சியில் அப்படித்தான் சொன்னார். எழுபத்தொரு வயதில் எனக்கு எதற்கு எதிர்காலம்? எனக்கு வேண்டியது ஒரு கஜம். பத்து கஜம் நகர நான்கு வாய்ப்பு, மூன்றாவது வாய்ப்பில் இன்னும் ஒரு கஜம் வேண்டும் என்றால் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்து விழ வேண்டும், அவ்வளவுதான், என் முழங்காலை வைத்துக்கொண்டு நானே விழுவேன். இப்போது வந்திருக்கிற கெல்லன் என்கிற பிள்ளை ஒரு கஜத்துக்கு நாற்பது கஜம் எறிகிறான். எறிந்துவிட்டுச் சிரிக்கிறான். பந்து எதிராளியின் கையில் இருக்கிறது, இவன் பல்லைக் காட்டுகிறான். பத்து ஆட்டம், எட்டு தோல்வி. பயிற்சியாளருக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன், படம் போட்டு, அம்புக்குறி போட்டு. பதிலுக்குக் கோடாரி வேஷம் கட்டி மைதானத்தில் குதிக்கிறானே ஒருவன், அவன் புகைப்படம் வந்தது. கீழே ‘அன்புடன், கோடாரி’ என்று கையெழுத்து.

ஆனால் பழி முழுவதையும் அந்தப் பிள்ளை மேல் போடவும் எனக்கு மனம் வரவில்லை. உனக்கே தெரியும், உன் மேல்தான் பாதி.

அந்த முதல் தடவை நினைவிருக்கிறதா? ஆலையில் வேலைநிறுத்தம் நடந்த வருஷம். கடைசி ஆட்டம், கடைசி நிமிஷம், மூன்றாவது வாய்ப்பு. என் வீட்டு வராந்தாவில் சாசேஜ் கருகுகிறது என்று நீ இடுக்கியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாய். நீ கதவைச் சாத்தியதும் நம்மவர்கள் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார்கள். லொரைன் சோபா மேல் ஏறி நின்று மரக்கரண்டியை நீட்டித் தீர்ப்புச் சொன்னாள். “இனிமே மூணாவது வாய்ப்புன்னா டெல்மர் வெளிய. மழையோ பனியோ, எனக்குத் தெரியாது.” நீ “சாசேஜ் இல்லாட்டியுமா?” என்று கேட்டாய். “சாசேஜ் இல்லாட்டியும்” என்றாள். அன்றிலிருந்து இருபத்தொன்பது வருஷம், ஒரு ஆட்டத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று தடவை, அந்த வராந்தாவில் போய் நின்றிருக்கிறாய். ஏரிக்காற்று காதை அறுக்கும். ஒரு நாள்கூட முணுமுணுத்ததில்லை. நான் சோபாவில் பீன்ஸ் குழம்பைக் கிண்ணத்தோடு மடியில் வைத்துக்கொண்டு, இவனுக்கு மூளை கொஞ்சம் மந்தம் என்று நினைத்துக்கொள்வேன். மன்னித்துவிடு.

அடுத்தது ‘ஆலங்கட்டி’. ஆட்டம் முடிந்து, பாத்திரம் கழுவி, ஆறு மணிக்கு நாம் மூவரும் உட்காருவோமே, அந்த நேரம் இப்போது பாழ். ஏழு வருஷம் ஆலங்கட்டி என்கிற பறக்கும் வீரனாக இருந்த அந்த வானிலை அறிவிப்பாளன் திடீரென்று தன் அங்கியைக் கழற்றி ஒரு மாணவனிடம் கொடுத்துவிட்டுக் கலங்கரை விளக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். புதியவனுக்குக் குளிர் ஆகாது. வானத்திலிருந்து பனிக்கட்டியை இறக்கிக் கொள்ளைக்காரர்களை அடிக்க வேண்டிய வேலைக்கு, கையுறை போட்டுக்கொண்டு நடுங்குகிற ஒருவனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பறந்து போகும்போது தும்முகிறான். இதைத் தொடர் எழுதுகிறவர்கள் எழுதினார்களா, நம் பயிற்சியாளர் எழுதினாரா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நன்றாக உழைத்துக்கொண்டிருக்கிற ஆளை எடுத்துவிடுவது என்கிற வியாதி நாடு முழுவதும் பரவிவிட்டது.

ஊரின் மின்சாரத்தை அணைக்கிற அந்த முகமூடி வில்லன் யார் என்று இன்னும் சொல்லவில்லை. இந்த ஞாயிறு கடைசிப் பகுதியில் சொல்லப் போகிறார்களாம். சாலையில் உப்புத் தூவுகிற வண்டிக்காரன்தான் என்று லொரைன் சொல்வாள். மேயர்தான் என்று நீ சொல்வாய். “உப்பு வண்டிக்காரன் பாவம்டி, அவனுக்கு நாலு குழந்தை” என்பாய். “நாலு குழந்தை இருக்கறவனுக்குத்தான்யா ராத்திரியில வெளிய சுத்தணும்னு தோணும்” என்பாள். ஐந்து வருஷம் இந்தச் சண்டை. ஏப்ரலில் மருத்துவமனையில் குழாய்களுக்கு நடுவே படுத்துக்கொண்டும் உன் கையைப் பிடித்து என்ன சொன்னாள்? “ரெண்டு பேரும் சேந்து உக்காந்து கடைசி வரைக்கும் பாருங்க. யார் ஜெயிச்சதுன்னு எங்கிட்ட வந்து சொல்லணும்.” நாம் இருவரும் தலையை ஆட்டினோம். அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம் நீ வீட்டு முன்னால் ‘விற்பனைக்கு’ என்று பலகை வைத்தாய். ‘போகாதே’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன், பிறகு என் முடிவுகள் நியாயமா இல்லையா என்று நீயே பார்.

ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி, இரண்டு நிமிஷம் பாக்கி, நாம் மூன்று புள்ளி பின்னால். மூன்றாவது வாய்ப்பு. ஒரு கஜம். கெல்லன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், எறியப் போகிறான் என்று தெரிந்துவிட்டது. உன் நாற்காலியைப் பார்த்தேன், அதில் என் துவைத்த துணிகள் கிடந்தன. என்ன நினைத்தேனோ, எழுந்து நேரே வராந்தாவுக்குப் போய்விட்டேன். காலுறையோடு. கதவு பின்னால் சாத்தித் தானாகப் பூட்டிக்கொண்டது. அந்தப் பூட்டைச் சரிசெய்ய வேண்டும் என்று நீ எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய், சரி, ஒப்புக்கொள்கிறேன்.

பனி கணுக்கால் வரை. சாவி உள்ளே. பக்கத்து வீட்டு மார்லிஸ் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தவள் என்னைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“ஆர்வில்! இந்தக் குளிர்ல காலுறையோட என்ன பண்றீங்க? வீட்ட விட்டுத் தொரத்திட்டாங்களா?”

“என் வீட்ல நான் மட்டுந்தான் இருக்கேன் மார்லிஸ்.”

“அப்ப உங்கள நீங்களே வெளிய தள்ளிக்கிட்டீங்களா?”

“மூணாவது வாய்ப்பு. ஒரு கஜம்.”

இந்த ஊரில் பிறந்தவள், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தொட்டியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். ஒரு நிமிஷத்தில் அவள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு கூச்சல். ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள்.

“கெடச்சிருச்சு! அந்தப் பையன் எறியல, குனிஞ்சு விழுந்தான்! ஆர்வில், அங்கேயே நில்லுங்க, நகராதீங்க!”

“கால் மரத்துப்போச்சு மார்லிஸ். நீ வச்சிருக்க என் மாற்றுச் சாவியக் குடு.”

“சாவி எங்கிட்ட பத்திரமா இருக்கு. ஆட்டம் முடியட்டும், தர்றேன்.”

தரவில்லை டெல்மர். செத்துப்போன தன் கணவனின் பூட்ஸ் இரண்டையும், நாய் படுக்கிற கம்பளியையும் வேலிக்கு மேலே விட்டெறிந்தாள். நான் அதைப் போர்த்திக்கொண்டு, நாய் மயிரோடு, ஒன்றேகால் நிமிஷ ஆட்டத்தை இருபது நிமிஷம் நின்று தீர்த்தேன். நேரம் பார்த்து இரண்டு பக்கமும் ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி ஆடினார்கள். கடைசியில் ஜெயித்துவிட்டோம். ஏழு வாரத்தில் முதல் வெற்றி, அதை நான் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்பதுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தேன். தொலைக்காட்சி ஜன்னலுக்குக் கீழே, வெளியே நிற்கிறவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது. அந்த வராந்தாவிலிருந்து ஆட்டம் ஒரு துளி தெரியாது. இருபத்தொன்பது வருஷத்தில் இது எனக்குத் தெரியவே தெரியாது, நான் ஒரு நாளும் அங்கே போய் நின்றதில்லையே. அங்கிருந்து தெரிவது ஒன்றே ஒன்றுதான். சோபாவின் இடது மூலை. லொரைன் உட்காரும் இடம். அவள் பின்னிய பச்சைப் போர்வை இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

மூன்றாவது வாய்ப்பு வந்தால் அவள் தொலைக்காட்சியைப் பார்க்காமல் அதற்கு மேலே பார்ப்பாள். ஜெபம் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் டெல்மர். கட்டைவிரலைத் தூக்குவாள், அல்லது கரண்டியை ஆட்டுவாள். கடவுளோடு இவ்வளவு உரிமையாகப் பேசுகிறாளே என்று நினைப்பேன். உன்னிடம்தான் பேசியிருக்கிறாள். குளிரில் காது சிவக்க நீ உள்ளே வரும்போது உன் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். ஆட்டத்துக்காக என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நான் அங்கே நின்றேன். சோபா காலியாக இருந்தது. மரம்வெட்டிகள் ஜெயித்தார்கள், ஊரே கூவியது, எனக்குக் கட்டைவிரல் காட்ட உள்ளே யாரும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மார்லிஸ் சாவியோடு வந்தபோது, காற்று கண்ணில் அடிக்கிறது என்றேன். அவளும் ஆமாம் என்றாள்.

நீ ஏன் போனாய் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. உன் மேல் இருந்த கோபம் அங்கேயே தீர்ந்துவிட்டது. அந்த ஜன்னலுக்கு வெளியே நான் நின்றது இருபது நிமிஷம், என்னாலேயே தாங்க முடியவில்லை. உன்னைத் திரும்ப அங்கே வந்து நில் என்று எந்த முகத்தோடு கேட்பேன்? ஆகவே, மேற்படி மூன்று முடிவுகளும் உறுதி. ஆட்டமும் வேண்டாம், ஆலங்கட்டியும் வேண்டாம், நாற்காலியும் வேண்டாம். நீ வெயிலில் சுகமாக இரு.

கர்த்தர் உன் இரத்த அழுத்தத்தைக் கீழேயும் உன் கள்ளிச்செடியை மேலேயும் வைத்துக் காப்பாராக. மார்லிஸ் தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள். நாயும்.

என்றும் உன் மச்சான்,
ஆர்வில்

பின்குறிப்பு: தேவாலய வண்டியை வர வேண்டாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். நாற்காலியிலிருந்து துணிகளை எடுத்தாயிற்று. ‘ஆலங்கட்டி’யைப் பற்றி நான் மேலே எழுதியதெல்லாம் மார்லிஸ் வேலிக்கு மேலே சொன்னது. ஏப்ரலுக்குப் பிறகு நான் ஒரு பகுதிகூடப் பார்க்கவில்லை. எல்லாம் பதிவாகிக் கிடக்கிறது, நீ இல்லாமல் எப்படிப் பார்ப்பது? ஞாயிறு பகல் ஆட்டம். நீ சனிக்கிழமை வந்துவிடு. வராந்தாவுக்கு நீ போக வேண்டாம், அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன், மார்லிஸ் விட்டெறிந்த பூட்ஸ் எனக்குச் சரியாக இருக்கிறது. நீ உள்ளே, பச்சைப் போர்வைப் பக்கம், இடது மூலையில் உட்கார். மூன்றாவது வாய்ப்பு வரும்போது கொஞ்சம் மேலே பார். ஒரு கஜம் கிடைத்தால் எனக்குக் கட்டைவிரலைக் காட்டு.