மாடியில் பாசுமதி வாசனை

"என்னப்பா கவின், இன்னிக்கு என்ன தளிகை?"

கவின்ராஜ் கதவைத் திறந்தான். வீட்டுக்காரர் நரசிம்மமூர்த்தி வாசலில் நின்று மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார். மணி ஏழு. மூன்று நாளாக இதே நேரம், இதே மூக்கு.

"உப்புமாங்க சார்."

"பாசுமதி வாசனைன்னா வரது! கொதிச்சு, வடிக்கப்போற பதம்."

"சத்தியமா ரவைங்க சார்."

பெரியவரின் முகம் தொங்கிப்போயிற்று. கீழே இறங்கினார்.

"நாம பிரியாணி செய்யறோம்னு நெனைக்கறாருங்க," என்றாள் அவன் மனைவி வினிதா.

நினைத்தால் அவ்வளவுதான். கொள்ளேகாலிலிருந்து ஹெப்பாளுக்கு வேலைக்கு வந்த இந்த ஜோடி, முப்பத்தேழு வீடு ஏறி இறங்கி, கடைசியில் இந்த அக்ரஹாரத்து மாடியைப் பிடித்திருந்தது. அசைவம் சமைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. அன்றிலிருந்து வீட்டுக்குள் முட்டை என்ற பேச்சைக்கூட கவின்ராஜ் எடுத்ததில்லை. கொஞ்சம் அதிகப்படிதான், ஆனால் பயம் அப்படி.

வேடிக்கை என்னவென்றால், வாசனை அவனுக்கும் வந்தது. பொழுது சாய்ந்ததும் எங்கிருந்தோ கம்மென்று கிளம்பியது. எங்கிருந்து என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் வாசனையை அமுக்க ஒரு சட்டி சாம்பிராணி போட்டான். பாசுமதியும் சாம்பிராணியும் கலந்து கல்யாணப் பந்தி மாதிரி மணத்தது. நரசிம்மமூர்த்தி இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார்.

"இன்னிக்கு என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லீங்க. நீங்களே உள்ள வந்து பாருங்க சார்!"

கையைப் பிடிக்காத குறையாக அவரைச் சமையலறைக்கு அழைத்துப்போய் ஒவ்வொரு மூடியாகத் திறந்து காட்டினான். ஒரு பாத்திரத்தில் ராகிக் களி, இன்னொன்றில் கொள்ளுக் குழம்பு. பெரியவர் களி உருண்டைகளை வெகுநேரம் பார்த்தார்.

"இதுதானா?"

"இதேதாங்க!"

"வேற ஏதும் மறைச்சு வெக்கலையே?"

"ஐயோ, இல்லவே இல்லீங்க!"

பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விட்டார். இவ்வளவு காட்டியும் நம்பவில்லையே என்று கவின்ராஜுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

காலையில் துணிந்து ஒரு முடிவெடுத்தான். மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் சேர்த்து வேலை செய்யும் நஞ்சம்மாவைக் கூப்பிட்டு, பத்துக் கிலோ அரிசி மூட்டையை அப்படியே தூக்கிக் கொடுத்தான்.

"எதுக்குத் தம்பி?"

"நாங்க இனிமே சோறு திங்கறதில்லீங்கக்கா."

அவன் மனம் மாறுவதற்குள் நஞ்சம்மா மூட்டையோடு தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

அன்று ஏழு மணிக்குக் கதவு தட்டப்படுமுன்பே கவின்ராஜ் திறந்தான். "சார், இனிமே உங்களுக்குக் கவலையே வேண்டாம். இந்த வீட்டுல அரிசியே கிடையாதுங்க. ஒரு மணிகூட இல்லீங்க!"

நரசிம்மமூர்த்தியின் கண் கலங்கிவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி இறங்கினார்.

"முடிஞ்சுது," என்றாள் வினிதா. "நாளைக்கே காலி பண்ணச் சொல்லிருவாரு. அந்த அட்டைப்பெட்டியெல்லாம் எறக்குங்க."

மறுநாள் ஞாயிறு. காலையில் ஏணி போட்டுப் பரணில் தலையை விட்ட கவின்ராஜ் போட்ட கூச்சலில் தெருவே கூடியது. பெட்டிக்குள் கறுப்பு முகமும் நீண்ட வாலுமாக ஒன்று சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றோரம் மூன்று குட்டிகள்.

பக்கத்துத் தெருவிலிருந்து, வனவிலங்குகளைக் காப்பாற்றும் அஷ்வினி வந்து எட்டிப் பார்த்தாள். சிரித்தாள்.

"மரநாய் சார். பாவம், ஒண்ணும் பண்ணாது. பகலெல்லாம் தூங்கும். இருட்டினா சப்போட்டா மரம் ஏறிப் பழம் தின்னப் போகும். போற வழியெல்லாம் வாலுக்கடியில இருக்கற சுரப்பியைத் தேச்சு அடையாளம் வெச்சுட்டுப் போகும். அந்த வாசனை இருக்கே, பாசுமதி வேகற மாதிரியே இருக்கும். குட்டி வளந்ததும் தானே போயிடும், விட்டுடுங்க."

கவின்ராஜுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கூட்டத்தில் நின்ற நரசிம்மமூர்த்தியிடம் ஓடினான்.

"கேட்டீங்களா சார்? நாங்க சமைக்கவே இல்லீங்க! எல்லாம் மரநாய் வாசனைதாங்க!"

"அப்போ சாதம்?"

"ஒரு நாளும் வடிக்கலீங்க சார்!"

"ஒரு நாளும்?"

நரசிம்மமூர்த்தி அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். கவின்ராஜ் பதறிப்போய், "இன்னுமா சார் சந்தேகம்?" என்றான்.

துடைப்பத்தோடு நின்ற நஞ்சம்மா சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்: "சந்தேகமுமில்ல, ஒண்ணுமில்ல தம்பி! ஐயாவுக்குச் சக்கரை வியாதின்னு மூணு மாசமா கீழ அம்மா வெறும் ராகிதான் போடறாங்க. நீங்களாவது ஒரு கை சோறு போடுவீங்கன்னுதான் ஐயா தெனமும் படியேறி வந்தாரு!"