கை காட்டினேன், வண்டி நின்றது

அருப்புக்கோட்டை,
வியாழக்கிழமை மாலை.

அன்புள்ள தம்பி சோலைக்கு,

அக்காள் அழகுத்தாய் ஆசியுடன் எழுதுவது. இங்கே நான் உடம்பளவில் நலம். மற்றபடி நலமா என்பதைக் கடைசி வரி வரை படித்துவிட்டு நீயே தீர்மானித்துக்கொள். உன் வீட்டில் ரேணுகாதேவிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்தவள் நான். எதைப் போனில் சொல்லலாம், எதை எழுதத்தான் வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷமாக நீ ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறாய்: எழுபத்திரண்டு வயதில் சைக்கிள் வேண்டாம், ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் மறுநாளே குட்டியானை லோடு வண்டியைப் பிடித்து வந்து சைக்கிளையும் பீரோவையும் உன்னையும் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோய் மூன்றாவது மாடியில் வைத்துவிடுவேன் என்று. நானும் ஒரே பதிலைச் சொல்லி வந்தேன். இந்த ஊரில் எனக்கு நிற்காத வண்டி கிடையாது. கான்வென்ட்டில் சிஸ்டர் பெலிசிட்டா எங்களை மைதானத்தில் வரிசையாக ஓட்டவிட்டு, திரும்புமுன் கையைத் தோள் மட்டத்துக்கு விறைப்பாக நீட்ட வேண்டும், மூன்று எண்ணும்வரை மடக்கக் கூடாது, வெளிர்நிற உடை உடுத்தினால் ஓட்டுநர் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரியும் என்று சொல்லிக் கொடுத்ததை நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. உன் அத்தான் இருந்த காலத்தில் ஒருவனும் மதிக்கவில்லை என்பது உண்மை. ஒரு லாரிக்காரன் என் நீட்டிய கையில் வெற்றிலை எச்சிலையே துப்பிவிட்டுப் போனான். ஆனால் அவர் காலமான இந்தப் பதினொரு வருஷமாக, நான் கையை நீட்டினால் மினிபஸ் நிற்கிறது, ஷேர் ஆட்டோ நிற்கிறது, செங்கல் லோடு நிற்கிறது. சில ஓட்டுநர்கள் இறங்கியே நிற்பார்கள். நான் லேசாகத் தலையை அசைத்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டு போவேன். விடாமல் கை காட்டினால் ஒரு ஊரே திருந்தும் என்று நகராட்சிக்கு மூன்று மனு வேறு எழுதியிருக்கிறேன். அந்த மனுக்களைத் திரும்ப வாங்க முடியுமா என்று நாளைக்கு விசாரிக்க வேண்டும்.

போன மாதம் திருச்சுழி ரோட்டில் பஞ்சு மார்க்கெட் வளைவில், செல்வக்குமார் என்கிற விசைத்தறித் தொழிலாளிக்கு, தறி ஷெட்டுக்குச் சைக்கிளில் போகும்போது லோடு வேன் இடித்துக் கால் முறிந்து போனது. சைக்கிள்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ரோட்டை மறித்தார்கள். டிரைவர்கள் பதிலுக்கு ஒருநாள் வண்டியை எடுக்கவில்லை. சைக்கிளெல்லாம் நடு ரோட்டில் நெளிகிறது என்று அவர்கள் சொல்ல, ஓரத்தில் இருப்பது ரோடா குழியா என்று இவர்கள் கேட்க, இன்ஸ்பெக்டர் இரு தரப்பையும் நேற்று ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டுச் சமாதானக் கூட்டம் போட்டார். சைக்கிள் தரப்பில் பேச என்னை அழைத்தார்கள். நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

முதலில் செல்வக்குமாரின் மனைவி தங்கச்செல்வி பேசினாள். அவளும் அதே ஷெட்டில் தறி ஓட்டுகிறவள். தினமும் ஹேண்டில்பாரை உரசிக்கொண்டு வேன் போகிறது, அடுத்த ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேதான் மிதிக்கிறேன் என்று சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளைப் பார்த்து, கை காட்டாமல் ஓட்டினால் அப்படித்தான் ஆகும் என்றேன். அதோடு விட்டேனா, எழுந்து நின்று இருபது நிமிஷம் கை காட்டும் முறையை விளக்கினேன், மேடையில் நடந்தும் காட்டினேன். முடிவில் டிரைவர்கள் பக்கம் திரும்பி, திருச்சுழி மினிபஸ் ஓட்டும் மருதுபாண்டியை எழுப்பி, இத்தனை வருஷத்தில் என் கையைப் பார்த்து நீ நிற்காமல் போனது உண்டா, சபையில் சொல்லு என்றேன்.

அவன் தலையைச் சொறிந்தான். "சொல்லணுமாம்மா?" என்றான்.

"உண்மையைச் சொல்ல என்ன யோசனை?" என்றேன்.

"உங்க கையை நாங்க பாத்ததே இல்லம்மா. நீங்க கை நீட்டுறதுக்கு முன்னாடியே பிரேக்கைப் போட்ருவோம்."

ஏன் என்று கேட்டேன். அவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் ஃபேனைப் பார்த்தார். பின்வரிசையில் இருந்து ஷேர் ஆட்டோ ஆண்டிச்சாமி, நம்ம ஊர்ப்பக்கத்து ஆள்தான், அறுபது வயசு, எழுந்து சாவகாசமாகச் சொன்னான்: "தாலியறுத்தவுக எதுக்க வந்தா அன்னிக்கு டிரிப்பு விளங்காதுக்கா. அதான் வண்டிய நிப்பாட்டி, எறங்கி ஒரு மடக்குத் தண்ணி குடிச்சிட்டு எடுக்குறது."

சோலை, அந்த வார்த்தைக்கும் ஒரு 'அவுக' போட்டான் பார். மரியாதையாம்.

மண்டபமே சிரித்தது. இறங்கி நின்றது வணக்கம் இல்லை, தண்ணீர் குடிக்க. என் வெள்ளைச் சேலை தூரத்தில் தெரிந்தது பாதுகாப்புக்கு இல்லை, சகுனத்துக்கு. சிஸ்டர் பெலிசிட்டாவும் இல்லை, மோட்டார் வாகனச் சட்டமும் இல்லை. உன் அத்தான் போய்ச் சேர்ந்ததுதான் என் டிராபிக் சிக்னல். இது என்ன பேச்சு, இந்தக் காலத்தில் இப்படியும் உண்டா, எவனாவது ஒருத்தனுக்கு என்னால் டிரிப்பு கெட்டிருக்கிறதா, நிரூபியுங்கள் என்றேன். அவன்கள் நிரூபணத்தோடதான் வந்திருக்கான்கள். ஒருத்தனுக்குப் போன தை மாசம் எனக்கு நிற்காமப் போய்க் காரியாபட்டியில டயர் வெடிச்சதாம். அந்த டயரை நான் பார்த்திருக்கேன், அது என் உள்ளங்கையை விட வழுவழுப்பா இருந்துச்சு, வெடிக்காம என்ன செய்யும்னு கேட்டேன். இன்ஸ்பெக்டர் அதை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

இதோட முடிஞ்சுதா? மருதுபாண்டி போனை எடுத்து நீட்டுகிறான். வாட்ஸ்அப்பில் எனக்கென்று ஒரு குழுவே வச்சிருக்கான்க. எண்பத்தேழு டிரைவர்கள். தினமும் என் போக்குவரத்து அறிவிப்பு. 'எட்டு நாப்பது, அம்மா பால் பூத்துல.' 'எட்டு அம்பத்திரண்டு, அம்மா மார்க்கெட் வளைவு, எல்லாரும் ரெண்டு நிமிசம் டீ குடிங்க.' பெரிய லாரியெல்லாம் காலையில அந்தப் பக்கம் வர்றதில்லையே, நம்ம மனுவுக்குப் பலன் கிடைச்சிருச்சுன்னு நான் பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன் பாரு, அதுக்கும் காரணம் இதுதான். வாசிச்சுப் பார்த்தா செவ்வாய்க்கிழமைக்கு நேரம் தப்பாப் போட்டிருந்துச்சு. அன்னிக்கு நான் எட்டு அம்பதுக்கே வளைவுல இருந்தேன். அதைத் திருத்தச் சொன்னேன். அந்த அதிர்ச்சியிலயும் ஏன் அதைச் சொன்னேன்னு எனக்கே தெரியலை.

கூட்டம் ஒன்றும் முடிவாகாமல் கலைந்தது. நான் சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே வந்தேன். வழியில் நாலு வண்டி நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். நாலு பாட்டில் திறந்தது. நான் தலையை அசைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் யோசித்தேன். பயந்து நிற்கிற ரோட்டில் என்னால் ஓட்ட முடியாது, தம்பி. இடித்தாலும் பரவாயில்லை, என் கையைப் பார்த்து இடிக்கட்டும். ஆகவே நீ சொன்னபடியே ஆகட்டும். ஞாயிற்றுக்கிழமை குட்டியானையோடு வா. சைக்கிளை முதலில் ஏற்றிவிடு, நான் பார்க்காத நேரத்தில். மூன்றாவது மாடி எனக்குச் சம்மதம். ரேணுகாதேவியிடம் சொல், எனக்குக் காப்பி ஆறரைக்கு, சர்க்கரை அரைக் கரண்டி.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல், எதிரில் யார் வந்தாலும் நல்ல காரியம் நடக்கும் பாக்கியத்தோடு பல்லாண்டு வாழ வாழ்த்தும்,

உன் அக்காள்,
அழகுத்தாய்.

பி.கு.: வெள்ளிக்கிழமை காலை. கவரை ஒட்டப் போகும்போது வாசலில் சைக்கிள் மணிச் சத்தம். போய்ப் பார்த்தால் தங்கச்செல்வியும் இன்னும் ஐந்து தறிக்காரப் பெண்களும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தி நெற்றியிலும் பொட்டு இல்லை, தலையில் பூ இல்லை. சோலை, எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. ஒரே நாளில் ஆறு சாவா? "செல்வக்குமாருக்கு என்னாச்சு?" என்று கேட்டேன்.

"அவுகளுக்கு என்னம்மா, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கிட்டு இட்லி தின்னுக்கிட்டு இருக்காக" என்றாள் தங்கச்செல்வி. நேற்று இவள் ஒருத்தி பொட்டை அழித்துவிட்டு வேலைக்குப் போனாளாம். இரண்டு வேன் நின்றதாம். அதைக் கேட்டு மற்றவர்களும் இன்று அழித்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். செல்வக்குமார் இட்லித் தட்டோடு, நான் உசுரோடதான்டி இருக்கேன் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறானாம். அவன் அம்மா மாரில் அடித்துக்கொள்கிறாளாம்.

"எங்க புருஷமாரு இருக்கிறது ஊருக்கே தெரியும்மா. இந்த வேசம் நாளைக்குச் செல்லாது. நீங்க முன்னால போனீகன்னா எல்லா நாளும் நிப்பாக. ஷெட்டு வரைக்கும் வாரீகளா?"

மூடநம்பிக்கையை நம்பி என்னை முன்னால் போகச் சொல்கிறாயா என்று கேட்டேன். "நம்பிக்கை எப்படியும் போகட்டும்மா. வண்டி நிக்குதுல்ல" என்றாள். கான்வென்ட்டில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. உள்ளே போய்ச் சாமி அலமாரியில் இருந்த குங்குமச் சிமிழை எடுத்து வந்து, நான் கொடுத்தால் வாங்குவீர்களா என்றுகூடக் கேட்கவில்லை, நீட்டினேன். "ஆறு பேரும் வச்சுக்கிட்டுப் பின்னால வாங்க. அதுக்கு நான் ஒருத்தி போதும்" என்றேன். தங்கச்செல்விதான் முதலில் விரலை நீட்டினாள்.

ஷெட்டு வரை ஒரு வண்டியும் உரசவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ வரவேண்டாம். திங்கள் முதல் இன்னும் நான்கு பேர் சேருகிறார்கள். இந்த ஆறு பேரிலேயே ஒருத்தி இடது கையைக் காட்டிவிட்டு வலது பக்கம் திரும்புகிறாள். அவளை முதலில் சரிசெய்ய வேண்டும்.