ஏழு மணித் திருடன்

"இதுல சத்தம் கொஞ்சம் வரும் சார். ஆனா வேலை செய்யும்," என்றாள் கடைப்பெண்.

கண்ணாடி மேஜைமேல் இருந்த பழைய லேப்டாப் அதற்குள் உறுமத் தொடங்கியிருந்தது. புள்ளி ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

புள்ளி என்பது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. பதிப்பகத்தில் இருபத்தாறு வருஷமாகப் பிழை திருத்துகிறார். எப்போதோ விட்டுப்போன ஒரே ஒரு புள்ளிக்காக ஓடிக்கொண்டிருந்த அச்சை நிறுத்தப்போய், அன்றிலிருந்து ஆபீஸில் அவர் 'புள்ளி சார்' ஆனார். பயந்த சுபாவம். கேஸ் அடுப்பை மூடிவிட்டு மூன்று தடவை பார்ப்பார், நாலாவது தடவை மனைவியைப் போய்ப் பார்க்கச் சொல்வார். அப்பேர்ப்பட்ட மனிதரை ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்கக் கடைக்கு அனுப்பினால் என்ன ஆகும்?

விஷயம் இதுதான். பதிப்பகம் வாடகை இடத்தைக் காலி செய்கிறது. இனி எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை. லேப்டாப்புக்கும் வீட்டு வைஃபைக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு தொகை கொடுத்து, கூடவே ஒரு சுற்றறிக்கையும் கொடுத்திருந்தார்கள். அதன் கடைசி வரி: 'திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நடைபெறும் காணொளிச் சோதனையில் இணைய முடியாதவர்களின் பணி குறித்து நிர்வாகம் தனியே முடிவெடுக்கும்.'

அந்த வரியை அவர் பதினான்கு தடவை படித்தார். ஒரு பிழைகூட இல்லை. அதுதான் அவரை இன்னும் கலக்கியது.

"தனியே முடிவெடுக்கும்னா என்ன அர்த்தம்?" என்று மனைவியைக் கேட்டார்.

"தனியா முடிவெடுப்பாங்கன்னு அர்த்தம்."

"போன வருஷம் பைண்டிங் பிரிவுல இருந்தவரைப் பத்தியும் இப்படித்தான் தனியா முடிவெடுத்தாங்க. மனுஷன் இன்னும் வீட்டுலதான் இருக்கார். எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. பொண்ணு படிப்பு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. வெளியில யார் எனக்கு வேலை வச்சுக்கிட்டுக் காத்திருக்கா?"

"அதுக்குத்தான் என் தம்பியைக் கூட அனுப்பறேன்," என்றாள் அவள், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

அந்தத் தம்பி, அதாவது மச்சினன், வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன். உலகத்தில் உள்ள எல்லா இயந்திரங்களும் அவனுக்கு வாஷிங் மெஷின்தான். சிலது துணி துவைக்கும், சிலது துவைக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"புது லேப்டாப் வாங்கினா வைஃபைக்கு ஒண்ணும் மிஞ்சாது மாமா," என்றான் கடையில். "இதையே எடுங்க. உறுமினாத்தான் மோட்டார் நல்லா இருக்குன்னு அர்த்தம்."

எடுத்தார்கள். லேப்டாப்பின் கழுத்து ஒரு பக்கம் லூசாக இருந்தது. திரை நிமிர்ந்து நிற்க முதுகுக்கு ஒரு சுவர் தேவைப்பட்டது. அடுத்து இன்டர்நெட் கம்பெனிக்குப் போய் லைனுக்குப் பணம் கட்டினார்கள். கவுண்டர் பெண் வைஃபை பெட்டியைக் கையில் கொடுத்து, மீதி விவரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மச்சினன் பாதிப் படி இறங்கிவிட்டான்.

புதன்கிழமை மாலை ஹாலில் அலமாரிமேல் பெட்டியை வைத்து, பிளக்கைச் சொருகினான். பச்சை விளக்கு எரிந்தது. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எதையோ தட்டினான். படம் ஓடியது.

"பார்த்தீங்களா மாமா? ஒரு பைசா கூலி இல்ல."

புள்ளிக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. இறங்கிய பாரம் பத்து நிமிஷத்தில் திரும்ப ஏறிக்கொண்டது. ஹாலில் படம் நின்று நின்று ஓடியது. படுக்கையறைக்குக் கொண்டுபோனால் பரவாயில்லை. கடைசிச் சுவரில் சாய்த்து வைத்தால் ஜம்மென்று ஓடியது. பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் மறுபடி படுத்துவிட்டது.

"பெட்டிக்குக் கிட்ட இருந்தா நல்லா வரணும்தானே?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

மச்சினன் கொஞ்சம்கூட அசரவில்லை. "தண்ணி அழுத்தம் ஜாஸ்தியா இருந்தா மெஷின் என்ன பண்ணும்? நின்னுடும். அதே கதைதான். பெட்டியைத் தள்ளி வைக்கணும்."

தள்ளி வைத்தார்கள். அலமாரியிலிருந்து சமையலறைக்கு, அங்கே ஆவி பட்டு வியர்த்துப்போனதால் பால்கனிக்கு, பால்கனியில் புறா உட்கார்ந்ததால் குளியலறைப் பரணுக்கு. இப்போது குளிக்கப் போகிறவர்கள் பெட்டிமேல் தண்ணீர் படாமல் உட்கார்ந்து குளிக்க வேண்டியிருந்தது. மகள் இரண்டு நாள் குளிக்கவே இல்லை. போதாக்குறைக்கு, மிச்சமிருந்த பணத்தில் மச்சினன் சிக்னலைத் தூக்கிக் கொடுக்கும் இன்னொரு பெட்டியையும் வாங்கிவந்து படுக்கையறையில் மாட்டினான். அதிலும் பச்சை விளக்கு எரிந்தது. எரிந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவரை உண்மையிலேயே நடுங்கவைத்தது ஏழு மணி.

தினமும் மாலை சரியாக ஏழு மணிக்கு அவர் மச்சினனைக் காணொளியில் அழைத்து ஒத்திகை பார்ப்பார். சரியாக அதே நேரத்தில் சுவரோரத்தில்கூட படம் உறைந்துவிடும். புதன் நின்றது, வியாழன் நின்றது, வெள்ளியும் நின்றது.

"யாரோ நம்ம லைனைத் திருடறான்," என்றார் மனைவியிடம், குரலைத் தாழ்த்தி. "மணி பார்த்துத் திருடறான். இந்தக் கட்டடத்துலதான் இருக்கான்."

"திருடினா திருடிட்டுப் போறான். சாப்பிட வாங்க."

"திங்கட்கிழமை பத்து மணிக்கும் திருடினான்னா என் கதி? அப்புறம் சாப்பிடறதைப் பத்தியும் நிர்வாகம் தனியாத்தான் முடிவெடுக்கணும்."

சனிக்கிழமை அவர் துப்பறியப் புறப்பட்டார். கீழ்த்தளத் தையல்காரரின் போனை எட்டிப் பார்த்தார். மாடியில் தனியாக இருக்கும் வங்கி ஊழியரின் செருப்பைக்கூடச் சந்தேகமாகப் பார்த்தார். ஒன்றும் துப்புக் கிடைக்கவில்லை. படியிறங்கி வரும்போது பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஜெயிலம்மா.

முப்பது வருஷம் பெண்கள் சிறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு வாசலைத் தாண்டும்போது தபால்காரர்கூட மெதுவாகத்தான் நடப்பார்.

"என்ன, திருட்டு முழி முழிக்கறீங்க?"

புள்ளி இறங்கிய படியில் ஒன்றைத் திரும்ப ஏறிக்கொண்டார். தான் செய்யாத குற்றத்தைக்கூட ஒப்புக்கொண்டிருப்பார். நல்லவேளை, விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

ஜெயிலம்மாவின் முகம் மாறியது. "உங்களுக்குமா? எனக்கும் புதன்கிழமையிலிருந்து இதே கூத்துதான். வெளியூர்ல இருக்கிற பேத்தியை ஏழு மணிக்குத்தான் போன்ல பார்ப்பேன். பேசிட்டே இருப்பா, அப்படியே வாயைத் திறந்தபடி நின்னுடுவா. மூணு நாளா அவ என்ன சொல்ல வந்தான்னே தெரியல."

"ஏழு மணியா?" புள்ளி மாடிப்படியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அப்போ ரெண்டு வீட்டுலயும் ஒரே ஆள்தாம்மா. உங்க லைனுக்கு என்ன பாஸ்வேர்ட் போட்டிருக்கீங்க? என்கிட்ட சொல்ல வேண்டாம். இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

"முப்பது வருஷம் பூட்டிப் பூட்டிக் கை அலுத்துப்போச்சு தம்பி. ரிட்டயர் ஆனதுலேருந்து நான் எதையும் பூட்டறதில்ல."

புள்ளி அதிர்ந்துபோனார். இவ்வளவு பெரிய அதிகாரி இப்படி ஏமாளியாக இருக்கலாமா?

"உடனே பூட்டுங்கம்மா. யார் வந்து கேட்டாலும் கொடுக்காதீங்க. அழுத முகத்தோட வருவாங்க, அவசரம்பாங்க, நம்பாதீங்க."

"பையன் திங்கட்கிழமை காலையில போன் பண்ணுவான். கேட்டுப் பூட்டிடறேன். உங்களோடது பத்திரமா இருக்கா?"

"அதை என் மச்சினன் பார்த்துக்கறான்."

"சரி, ஆள் கையில சிக்கினா என்ன பண்ணலாம்?"

ஜெயிலம்மா தன்னிடம் யோசனை கேட்கிறார் என்றதும் புள்ளிக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. "கட்டடத்துல எல்லார் முன்னாடியும் நிக்க வைக்கணும். அப்புறம் நேரா போலீஸ். நீங்க சரின்னா நானே ஒரு நோட்டீஸ் எழுதித் தரேன்."

எழுதியும் கொடுத்தார். 'அயலாரின் உழைப்பை உறிஞ்சும் ஈனப்பிறவியே' என்று தொடங்கிய அந்த நோட்டீஸில் ஒரு பிழைகூட இல்லை. ஜெயிலம்மா அதைப் படித்துவிட்டு முதல் தடவையாக அவரை மரியாதையாகப் பார்த்தார்.

திங்கட்கிழமை விடிந்தது. ஒன்பதரை மணிக்கே புள்ளி இஸ்திரி போட்ட சட்டையில், படுக்கையறைச் சுவரோரம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அது உறுமிக்கொண்டிருந்தது. படம் அருமையாக ஓடியது. கடைசியாக ஒரு தடவை சரிபார்க்கிறேன் என்று மச்சினன் வந்து, இரண்டாவது பெட்டியை லேசாகத் திருப்பினான்.

ஒன்பது நாற்பத்தெட்டு. படம் நின்றது. பிறகு எல்லாமே நின்றுபோயிற்று.

"என்னடா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல மாமா. விரல்தான் பட்டுது."

பெட்டியை அணைத்துப் போட்டார்கள். பரணிலிருந்த பெட்டியை இறக்கி ஜன்னலில் வைத்தார்கள். மச்சினன் அதைத் தலைகீழாகப் பிடித்து உதறினான். உள்ளே தண்ணீர் நின்றிருக்கும் என்றான். பச்சை விளக்குகள் மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் எரிந்தன. புள்ளியின் இருபத்தாறு வருஷம் இன்னும் ஐந்தாறு நிமிஷத்தில் முடியப்போகிறது.

"பக்கத்து வீட்டுல போய்க் கேளுங்க," என்றாள் மனைவி.

"ஜெயிலம்மாகிட்டயா? யார் கேட்டாலும் கொடுக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்ததே நான்தான்."

"இப்ப போய் மாத்திச் சொல்லுங்க."

லேப்டாப்பைக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்து, சார்ஜரைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் தட்டினார். சங்கிலியை எடுக்காமலே கதவு இரண்டு விரற்கடை திறந்தது.

"யாருக்கும் லைனைக் கொடுக்காதேன்னு சொன்னது யாரு?"

"நான்தாம்மா."

"இப்ப கேக்கறது யாரு?"

"அதுவும் நான்தாம்மா. பத்து நிமிஷம் போதும். இல்லைன்னா வேலை போயிடும். எனக்கு வேற வேலை தெரியாதும்மா." சொல்லும்போதே குரல் உடைந்தது.

ஜெயிலம்மா அவர் முகத்தையே பார்த்தார். முப்பது வருஷத்தில் எத்தனையோ அழுகையைப் பார்த்தவர். இது நிஜம் என்று தெரிந்திருக்க வேண்டும். சங்கிலி விலகியது.

"உள்ள வாங்க. லேப்டாப்பை மேஜைமேல வைங்க. நான் பாஸ்வேர்ட் போடறேன். சுவரைப் பார்த்து நில்லுங்க."

நின்றார். கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டுமா என்று தெரியாததால் பாதி தூக்கிக்கொண்டார்.

பத்து அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது உட்கார்ந்தார். திரையில் பதினேழு கட்டங்கள். பாதிப் பேர் உறைந்திருந்தார்கள். ஒருவருக்கு மூக்கு மட்டும் தெரிந்தது. நிர்வாகி ஒவ்வொருவராக அழைத்து வந்தார்.

"புள்ளி சார், கேக்குதா?"

"கேக்குது சார்."

"அங்க என்ன உறுமல்?"

"லேப்டாப் சார்."

"நான் உங்க வயித்துலன்னு நினைச்சேன். இருக்கட்டும். இத்தனை பேர்ல உங்க லைன்தான் பளிச்சுன்னு இருக்கு. உங்களைப் பத்திதான் எனக்குக் கொஞ்சம் கவலை இருந்தது. இனி இல்லை. நாளையிலிருந்து பக்கங்களை அனுப்பறோம்."

திரை அணைந்தது. புள்ளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணைத் துடைப்பது தெரியக் கூடாதே என்று இரண்டு தடவை துடைத்தார்.

"வேலை தப்பிச்சுதும்மா."

"லைன் எப்படி?"

"பறக்குதும்மா."

"பறக்காம? ஒன்பதே முக்கால் தாண்டி பையன் சொல்லச் சொல்லப் பூட்டினேன். அந்த நிமிஷத்துலேருந்து பிச்சுக்கிட்டு ஓடுது. அந்தத் திருட்டுப் பய இப்ப எங்கேயோ கிடந்து தவிச்சிட்டிருப்பான்."

"நல்லா தவிக்கட்டும்மா," என்றார் புள்ளி, மனதார.

லேப்டாப்பை அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஐந்து நாளுக்குப் பிறகு கால்கள் தரையில் பட்ட மாதிரி இருந்தது. அவர் வீட்டு வாசலில், தோளில் கறுப்பு வயர் சுருளும் கையில் மடக்கு ஏணியுமாக ஒருவர் நின்றிருந்தார். பின்னாலேயே ஜெயிலம்மாவும், "தம்பி, சார்ஜரை விட்டுட்டுப் போறீங்களே," என்று ஒரு கையில் சார்ஜரும் இன்னொரு கையில் சுவரில் ஒட்டப்போகும் நோட்டீஸுமாக வந்து நின்றார்.

ஏணிக்காரர் கையிலிருந்த சீட்டையும் கதவு எண்ணையும் ஒத்துப் பார்த்துவிட்டு, பரிதாபமாகச் சொன்னார்:

"மன்னிச்சுக்குங்க சார், புது லைன் இழுக்கப் புதன்கிழமையே வந்திருக்கணும், வயர் ஸ்டாக் இல்ல. பாவம், அஞ்சு நாளா வீட்டுல நெட்டே இல்லாம என்ன பாடுபட்டீங்களோ."