உதை சாரின் புல்வெளி ஓரம்

புல்வெளிக்கு ஓரம் கட்டுவதற்காக ஒரு தெருவையே உதைக்க வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஓசூரில் எனக்கு எதிர்வீட்டில் இருந்தார். நாங்கள் வைத்த பெயர் உதை சார்.

ஆயுள் முழுக்க ஒரு கம்பெனியில் தரச் சோதனை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார், மகன் புனேயில். எங்கள் தெருவோ ஷிப்ட் தெரு. பாதிப் பேர் தூங்கும்போது மீதிப் பேர் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவார்கள். பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் இல்லாமல் தவித்தவர், வாசலில் போர்வை அகலத்துக்குப் புல் வளர்த்தார்.

"ஓரம் கட்டலைன்னா ரோட்டுக்கே வந்துரும் சார்" என்று பாகலூர் நர்சரிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். அன்று பிடித்தது சனி. ஓரத்துக்கு வைக்கும் பொருள் விலையும் குறைவாக இருக்க வேண்டும், காலத்துக்கும் உழைக்க வேண்டும். சோதிக்காமல் எதையும் உள்ளே விடமாட்டார்.

முதலில் செங்கல்லைச் சாய்த்து நட்டார். பஸ்ஸை விட்டு இறங்கிய என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"சேஃப்டி ஷூ போட்டிருக்கீங்கல்ல? ஒரு உதை விடுங்க சார்."

"எதுக்கு சார்?"

"தாங்குதான்னு பாக்கணும். கூச்சப்படாதீங்க, நம்ம வீடுதான்."

உதைத்தேன். செங்கல் மல்லாந்தது.

"ரிஜெக்ட்!" என்றார், பரிசு விழுந்தவரைப் போல. உள்ளே ஓடிப்போய் டீ கொண்டுவந்தார். ஒரு மணி நேரம் என்னை விடவில்லை.

அடுத்து பேக்கிங் பலகை. நாங்கள் உதைப்பதற்குள் கரையான் முந்திக்கொண்டது. பிறகு பிளாஸ்டிக் பட்டை. பக்கத்து வீட்டு கன்னடக்காரர் விட்ட உதையில் அது புல்லோடு பெயர்ந்து வந்தது.

"சார், புல்லையே எடுத்துட்டா செலவே இல்லையே?" என்றார் அவர், கையில் பட்டையோடு.

"ரிஜெக்ட்! உக்காருங்க, டீ வருது."

ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் ஒரு உதை உதைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது என்று வழக்கமாகிவிட்டது. முகம்கூடத் தெரியாமல் இருந்தவர்கள் அவர் வாசலில் உட்கார்ந்து கதை பேசினோம்.

அப்புறம்தான் வினை வந்தது. வேப்பனப்பள்ளி லாரி டிரைவர் ஒருவர், "பட்டறையில சும்மா கெடக்குது சார்" என்று கிரானைட் வெட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து இறக்கினார். சிமென்ட் வைத்து நட்டார்கள். தெருவே திரண்டு உதைத்தது. ஆடவில்லை, அசையவில்லை. செருப்போடு உதைத்த டிரைவருக்குத்தான் கட்டைவிரல் வீங்கியது.

"ஓகே" என்றார் உதை சார். குரலில் உயிரே இல்லை. எல்லோரும் கைதட்டிவிட்டுத் தூங்கப் போனோம்.

அதன்பிறகு அவர் வாசலுக்குப் போக யாருக்கும் காரணம் இல்லை. டீ பிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். எதிர்வீட்டிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன். நானும் குடும்பத்தைத் திருநெல்வேலியில் விட்டுவிட்டு ஒற்றை அறையில் சோறு பொங்கிக்கொண்டிருந்தவன்தான்.

ஒரு சாயங்காலம் கூப்பிடாமலே போய் ஓங்கி உதைத்தேன். கால்தான் விண்ணென்று வலித்தது.

"சார், லேசா ஆடுற மாதிரி இருக்கே" என்றேன்.

அவர் குனிந்து கல்லை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். மலை மாதிரி நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆமா சார், ஆடுது. ரிஜெக்ட்" என்றார். "உக்காருங்க."

நல்ல பொருளை அவர் ரிஜெக்ட் செய்தது வாழ்நாளிலேயே அன்று ஒரு நாள்தான் இருக்கும். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.