மாமனாரிடம் ஆதார் கேட்டவன்

ஒரு வீட்டை நோட்டம் பார்க்க வருகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, திருடப் போகிறவர்கள். இன்னொன்று, பெண் கொடுக்கப் போகிறவர்கள். இரு தரப்பும் சொல்லாமல்தான் வருவார்கள், ஒரே மாதிரி கேள்விகளைத்தான் கேட்பார்கள். இந்தப் பேருண்மையைக் கண்டுபிடித்தவன் நான். கண்டுபிடித்த விதம்தான் வெளியே சொல்லும்படி இல்லை.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் பெண் கிடைப்பது எவ்வளவு பாடு என்பது ஊரறிந்த விஷயம். (பட்டறையில் எனக்குப் பட்டப்பெயரே 'மாப்பிள்ளை'. மரியாதையில் வைத்ததல்ல.) ஜாதகம் பொருந்தினால் அவர்களுக்கு வீடு பிடிக்காது. வீடு பிடித்தால் என்னைப் பிடிக்காது. கடைசியாக ஓமலூரில் ஓர் இடம் கூடி வருவது போல இருந்தது. அந்தப் பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் தட்டிப்போனால் கொல்லிமலைக்குப் போய்ச் சாமியாராகிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து, நகைக்குப் பாலிஷ் போடுகிறோம் என்று வந்த இரண்டு பேர் பக்கத்துத் தெரு டீச்சரம்மாவின் சங்கிலியைப் பாதியாக இளைக்க வைத்துவிட்டு மாயமானார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். தெரியாதவர்கள் வந்தால் கிரில்லைத் திறக்காதீர்கள், அடையாள அட்டை கேளுங்கள், அக்கம்பக்கத்துக்குத் தகவல் சொல்லுங்கள், தண்ணீர் கேட்டால் இளகிவிடாதீர்கள் என்றார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். 'நாய் ஜாக்கிரதை' என்று பலகை மாட்டினேன். வீட்டில் நாய் கிடையாது. அதனால் படிக்கட்டுக்கு அடியில் ஒரு புளூடூத் ஸ்பீக்கரை ஒளித்து வைத்து, போனிலிருந்து நாய் குரைக்கும் சத்தத்தை ஓடவிட ஏற்பாடு செய்தேன். (அல்சேஷன் குரல். தெருநாய்க் குரலென்றால் யார் மதிப்பார்கள்?)

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மாவும் அப்பாவும் எருமப்பட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். ஓட்டை பனியனும் லுங்கியுமாக நான் மட்டும் இருந்தேன். காம்பவுண்டு கேட்டைத் தள்ளிக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவரும் அவர் மனைவி போலிருந்த ஓர் அம்மாவும் உள்ளே வந்தார்கள்.

"ஏனுங்க, இங்க ஊடு ஏதாச்சும் வாடகைக்கு இருக்குங்களா?" என்றார் பெரியவர்.

"இல்லீங்க" என்றேன், கிரில்லுக்குப் பின்னாலிருந்து.

அவர்கள் போகவில்லை. பெரியவர் மாடியை அண்ணாந்து பார்த்தார். அந்த அம்மா எட்டி எட்டி உள்ளே பார்த்துவிட்டு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க சாமி" என்றார்.

தண்ணீர்! எனக்கு மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது.

"ஊட்டுல எத்தனை பேருங்க? பகல்ல எல்லாரும் வெளிய போயிருவீங்களா?" என்று அந்த அம்மா தொடர்ந்தார்.

"பொறவால ஒரு கதவு தெரியுதே, அது எங்க போவுதுங்க?" என்றார் பெரியவர்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? போனைத் தட்டினேன். படிக்கட்டுக்கு அடியில் நாய் உறுமிக் குரைத்தது. பெரியவர் துள்ளி விலகி, குனிந்து பார்த்தார்.

"சத்தம் மட்டும் வருது, நாயைக் காணோமுங்களே?"

"கட்டிப் போட்டிருக்கேன். நீங்க மொதல்ல ஆதார் கார்டைக் காட்டுங்க."

"தண்ணி கேட்டதுக்கா?"

"ஆமாங்க."

முகம் சிவக்க, சட்டைப் பையிலிருந்து லேமினேட் செய்த கார்டை எடுத்து நீட்டினார். ஊர் ஓமலூர் என்றிருந்தது. ஓமலூர்க்காரருக்கு நாமக்கல்லில் எதற்கு வாடகை வீடு என்று சந்தேகம் இன்னும் முற்றியது. பெண்ணுக்கும் அதே ஊர்தான் என்பது மட்டும் என் மரமண்டைக்கு எட்டவில்லை. இருவரையும் போட்டோ எடுத்து, 'சந்தேக நபர்கள், என் வீட்டு வாசலில்' என்று குழுவில் போட்டேன். எதிர்வீட்டு செல்வியக்கா புயல் மாதிரி ஓடி வந்து, தன் வீட்டுப் பூட்டைப் போட்டு எங்கள் காம்பவுண்டு கேட்டை வெளிப்பக்கமாகப் பூட்டினார். "உடாத தம்பி, ஆளைக் கூட்டிட்டு வாரேன்!" என்று சாவியோடு பறந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. அவசரத்தில் எடுத்துவிட்டேன். படிக்கட்டுக்கு அடியிலிருந்த நாய் திடீரென்று என் அம்மா குரலில் பேசியது.

"சாமி, ஓமலூர்க்காரங்க இன்னைக்கு ஊடு பார்க்க வாராங்களாமா. தரகர் இப்பத்தான் சொன்னாரு. வழி கேப்பாங்க, தண்ணி கேப்பாங்க, நீ ஒண்ணுந் தெரியாத மாதிரி பதனமாப் பேசு. அந்த ஓட்டை பனியனைக் கழட்டிட்டுச் சட்டையைப் போடு. இதுவும் போச்சுன்னா உனக்கு இந்த ஜென்மத்துல கல்யாணம் இல்ல, ஆமா!"

போனை அணைக்கப் போய், பதற்றத்தில் நாயை மறுபடி குரைக்க விட்டேன்.

பெரியவர் என்னைப் பார்த்தார். பிறகு என் பனியனைப் பார்த்தார். "கெளம்பு போலாம்" என்று மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு போய்க் கேட்டை உலுக்கினார். கேட் அசையவில்லை. கொல்லிமலை என் கண் முன்னால் வந்து நின்றது.

நான் கிரில்லைத் திறந்துவிட, வேறு வழியில்லாமல் இருவரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு (பட்டனை மாற்றிப் போட்டு), முதலில் கேட்ட தண்ணீரைக் கொண்டு வந்து கொடுத்தேன். நீட்டிய அவசரத்தில் பாதி அவர் வேட்டியில் கொட்டியது. அவர் வேட்டியை உதறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா மட்டும் எழுந்து அடுப்படி, பூஜை அறை, பின்கதவு என்று நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். ஒளிந்து பார்க்க வந்தவரை நானே பூட்டி வைத்து முழுசாகப் பார்க்க வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்திலிருந்து ஊரை எழுப்பிக்கொண்டு வர செல்வியக்காவுக்கு நேரமாகிவிட்டது. விறகுக் கட்டையும் விளக்குமாறுமாகக் கூட்டம் வந்து நின்றது. நான் வாசலுக்கு ஓடிக் கையை விரித்தேன்.

"அடிச்சுப் போடாதீங்க! திருடங்க இல்லீங்க, எங்க மாமனாரும் அத்தையுமுங்க!"

செல்வியக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கேது தம்பி மாமனாரு? உனக்குத்தான் கல்யாணமே ஆகலையே!"

பூமி பிளந்து என்னை வாங்கிக்கொள்ளாதா என்று நான் தவித்த அந்த நேரத்தில், உள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது.

"ஆயிரும் கண்ணு. மொதல்ல பூட்டைத் தொற!"

பெரியவர் அப்போதுதான் சிரித்தார். "இந்த ஊட்டுல புள்ளையக் குடுத்தா திருடனும் உள்ள வர முடியாது, நாமளும் உள்ள வர முடியாதாட்ட இருக்குதே" என்றார்.

குடுத்தார். இன்றைக்கும் அவர் ஓமலூரிலிருந்து வந்தால், வாசல் விரியத் திறந்திருந்தாலும் உள்ளே வருவதில்லை. கிரில்லுக்கு வெளியே நின்று, பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்து நீட்டி, "போட்டோ எடுத்துக்குங்க மாப்பிள்ளை" என்பார். உள்ளேயிருந்து என் மனைவி லொள் லொள் என்று குரைப்பாள். நான் சட்டை பட்டனைச் சரிபார்த்துக்கொண்டு, பேசாமல் போய்த் தண்ணீர் கொண்டு வருவேன்.